அறுபது பக்க அறிக்கையும் ஒரு தேநீரும்

நிறுவன மேம்பாட்டு ஆலோசகர் என்று சொன்னால் நம் வீடுகளில் அடுத்த கேள்வி உடனே வரும். "அப்படின்னா என்ன வேலைம்மா?" ஆட்கள் நல்லவர்கள், இயந்திரமும் ஓடுகிறது, ஆனாலும் வேலை நகரவில்லை என்றால், சிக்கல் எங்கே என்று அவர்களே கண்டுபிடிக்க உதவுவது என்று அம்மாவிடம் சொன்னேன். "அவங்களே கண்டுபிடிக்கிறதுக்கு உனக்கு எதுக்குச் சம்பளம்?" என்றார். நியாயமான கேள்விதான்.

என் முதல் வேலை பிறையில் ஒரு தொழிற்சாலை. இரவு ஷிப்டில் பழுதான பொருள்கள் அதிகம். மூன்று வாரம் பகலில் சுற்றிப் பார்த்து, அறுபது பக்க அறிக்கை எழுதி, குறை மேற்பார்வையில் என்று முடித்தேன். நிர்வாகம் பாராட்டியது. மேற்பார்வையாளர் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றியது. அதன்பின் இரவு ஷிப்ட் இன்னும் மோசமானது. பழைய இயந்திரம் எப்போது தகராறு செய்யும் என்பதை அதன் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர் அந்த அண்ணன் ஒருவர்தானாம். அங்கிருந்த எல்லாருக்கும் இது தெரியும். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. ஓர் இரவுகூட அவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்ததில்லை.

எட்கர் ஷைன் எழுதியதை அதற்குப் பிறகுதான் படித்தேன். அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியராக இருந்தவர். ஆலோசகர் நிபுணராக வந்து பதில் தரலாம், மருத்துவரைப் போல நோயறிந்து மருந்து எழுதலாம், அல்லது கூடவே இருந்து அவர்கள் தங்கள் நிலையைத் தாங்களே பார்க்க உதவலாம் என்று பிரித்துக் காட்டியவர். மூன்றாவதைப் பற்றி 1969இல் ஒரு நூலே எழுதினார். நான் மருந்து எழுதிவிட்டு வந்திருந்தேன்.

இத்துறையின் தொடக்கமும் இப்படித்தான். 1946 கோடையில் கனெடிகட் மாநிலத்தில் குர்ட் லெவின் குழுவினர் ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். பங்கேற்பாளர்கள் பகலில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் இரவில் கூடிப் பேசுவார்கள். ஒருநாள் பங்கேற்பாளர்கள் சிலர் தாங்களும் உட்காரலாமா என்று கேட்டார்கள். லெவின் சம்மதித்தார். ஆய்வாளர் சொன்னதை, "அப்படி நடக்கவில்லை" என்று ஒரு பெண்மணி மறுத்தார். பகல் வகுப்பைவிட இந்த வாக்குவாதத்தில்தான் எல்லாரும் அதிகம் கற்றார்கள்.

நம் ஊர்களில் இது அவ்வளவு எளிதல்ல. கூட்டத்தில் முதலாளி பேசினால் தலையாட்டுவோம். உண்மை மாமாக் கடையில் தே தாரிக்கோடு வெளியே வரும். அங்கே கேட்டதை யார் சொன்னது என்று காட்டிக்கொடுக்காமல் கூட்ட அறைக்குள் கொண்டுவருவதுதான் இந்த வேலையின் பாதி. மீதிப் பாதி என் வாயை அடக்குவது. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் எங்கே அவசரப்பட்டேன், யார் பேச்சில் குறுக்கிட்டேன் என்று எழுதி, மாதம் ஒருமுறை மூத்த ஆலோசகர் ஒருவரிடம் காட்டுகிறேன். பட்டச் சான்றிதழைவிட இதுதான் எனக்கு உதவியது.

மனிதவளம், உளவியல், பொறியியல் என எந்தப் படிப்பிலிருந்தும் இதற்கு வரலாம். மலேசியாவில் உங்கள் நிறுவனம் எச்ஆர்டி கோர்ப்புக்கு லெவி செலுத்துகிறதா என்று முதலில் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். பயிற்சிக் கட்டணத்துக்கு அந்த நிதி உதவக்கூடும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த அண்ணனைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "அப்பவே வந்து கேட்டிருக்கலாமேம்மா," என்றவர், தேநீர் வரவழைத்து, அரை மணி நேரம் அந்த இயந்திரத்தைப் பற்றியே பேசினார்.