மணலில் பிறந்த காவல்காரன்

'செமிகண்டக்டர்' என்ற பேரைப் பார்த்ததும், "இதெல்லாம் படிச்ச ஆம்பிளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! காலையில் இண்டக்ஷன் அடுப்பில் பால் காய்ச்சுவதிலிருந்து, ராத்திரி எல்.ஈ.டி. விளக்கை அணைக்கிற வரை நமக்குக் கூடமாட ஒத்தாசை செய்வது அதுதான். காரில் போகும்போது நம் குழந்தையின் உயிருக்கும் காவல் நிற்கிறது.

அது என்ன?

செம்புக் கம்பி மின்சாரத்தைத் தாராளமாக விடும். பீங்கான் விடவே விடாது. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் செமிகண்டக்டர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'குறைகடத்தி' என்று போட்டிருக்கும். இதில் முக்கியமானது சிலிக்கன். மணலிலிருந்து எடுப்பது. அதை நன்றாகச் சுத்தம் செய்து, பாஸ்பரஸ், போரான் போன்றவற்றை, நாம் சாம்பாரில் பெருங்காயம் போடுவதைவிடக் குறைவாக, துளியூண்டு சேர்க்கிறார்கள். அப்புறம் அது நாம் 'போ' என்றால் மின்சாரத்தை விடுகிறது, 'நில்' என்றால் நிறுத்துகிறது.

இந்த ஸ்விட்சுக்குத்தான் டிரான்சிஸ்டர் என்று பெயர். 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. நம் பழைய ரேடியோவுக்கு அந்தப் பேர் வந்ததும் இதனால்தான். இன்றைக்கு நகத்தளவு 'சிப்' ஒன்றில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அடங்கிவிடுகின்றன.

அடுப்படியில்

இண்டக்ஷன் அடுப்புக்குள் இருக்கும் செமிகண்டக்டர், மின்சாரத்தை ஒரு விநாடிக்கு 20,000 தடவைக்கும் மேல் விட்டு விட்டு அனுப்புகிறது. அதனால்தான் பாத்திரத்தின் அடிப்பாகமே சூடேறுகிறது. இப்படி உழைக்கிறதே, அதற்கும் சூடு ஏறாதா? அதற்காகவே அடியில் குட்டி விசிறி வைத்திருக்கிறார்கள். அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சமையல் முடிந்த கையோடு மெயின் ஸ்விட்சை அணைக்காமல், விசிறி நிற்கும் வரை விட்டுவிடுங்கள்.

9 வாட் எல்.ஈ.டி. பல்பு, பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும். அதற்கும் சூடு ஆகாது. காற்றுப் போகாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் சீக்கிரமே போய்விடும்.

வண்டியில்

2020 ஏப்ரலில் புதிய புகை விதி வந்த பிறகு, நம் ஸ்கூட்டருக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று அளந்து விடுவதும் சிப்தான். காரில் அதன் வேலை இன்னும் பெரிசு. மோதல் நடந்தால், சிலிக்கனால் ஆன உணர்கருவி அந்த அதிர்ச்சியை அறிந்து ஏர்பேக்கை விரியச் செய்கிறது. ஒரு விநாடியை ஆயிரமாகப் பங்கு போட்டால், அதில் சுமார் 30 பங்குக்குள் பை விரிந்துவிடும். நாம் கண் சிமிட்டவே அதைவிட அதிக நேரம் ஆகும்!

அதை நம்பி அசட்டையாக இருக்கலாமா? போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, உறவுக்காரப் பெண் ஒருத்தி கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட் போடவில்லை. 'பீப் பீப்' சத்தம் வராதிருக்க, பெல்ட் மாட்டும் இடத்தில் வெறும் கொக்கியைச் செருகியிருந்தார்கள். "பின்னாடி வந்துடும்மா" என்றேன். "பத்து நிமிஷம்தானே அத்தை, ஏர்பேக் வேற இருக்கே!" என்றாள்.

அது பஞ்சு மெத்தை இல்லை, சகோதரிகளே. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் விரியும் பை. பெல்ட் போட்ட பெரியவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. மடியில் இருக்கும் பிஞ்சு மீது பட்டால், காப்பாற்ற வந்ததே எமனாகிவிடும். அந்தக் கொக்கிகளை இணையக் கடைகளிலிருந்து நீக்கச் சொல்லி 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது.

நாம் செய்ய வேண்டியவை

* கைக்குழந்தைக்கு, பின்சீட்டில் பின்பக்கம் பார்த்தபடி பொருத்தும் குழந்தை இருக்கைதான் நல்லது. ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அதை வைக்கவே கூடாது.

* 12 வயது வரை பிள்ளைகள் பின்சீட்டிலேயே உட்காரட்டும்.

* மோதும் வேகத்தில் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது. ஆகவே மடி பத்திரமான இடமில்லை.

* வண்டியில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால், உடனே மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லுங்கள்.

சிப்புக்குத் தூக்கமில்லை, மறதியில்லை. ஆனால் நாம் கொக்கி போட்டு ஏமாற்றினால் ஏமாந்துதான் போகும். முதலில் குழந்தையைப் பின்சீட்டில் கட்டுங்கள். அப்புறம் உங்கள் பெல்ட். அதற்கப்புறம் வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள்.