சக்கரம் நேராக ஓடுகிறதா?



குற்றாலத்தில் சாரல் பொழிந்த ஆனி மாதத்து நாளொன்றில், தென்காசியில் என் வீட்டு முற்றத்தில் நின்ற பழைய அம்பாசிடர் காரின் முன் டயரைக் கையால் தடவினேன். உள்ளிருந்து வெளியே தடவினால் ரம்பப்பல் போல் உறுத்திற்று. எதிர்ப்புறம் தடவினால் வழவழப்பாக இருந்தது. வெளியோரமும் மிகுதியாகத் தேய்ந்திருந்தது. சக்கரங்கள் கோணி ஓடுகின்றன என்பதற்கு இவையே அடையாளம்.

2014 வரை உத்தர்பாராவில் தயாரான இவ்வண்டியில் இயந்திர விசை பின் சக்கரங்களுக்குச் செல்கிறது. முன் சக்கரங்கள் தள்ளப்பட்டு உருள்வதால், சாலையின் தடையினால் அவை முன்புறத்தில் சிறிது விரிய முயல்கின்றன. ஆகவே, நிற்கும்போது அவற்றின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்குமாறு அமைக்கிறார்கள். இதனை டோ இன் என்பர்.

இதை அளக்க நான் முதலில் டயர்களின் முன்னே இரு புள்ளிகளையும் பின்னே வேறு இரு புள்ளிகளையும் இட்டேன். அது பிழை. டயர் எங்கும் ஒரே சீராக இராது. அதன் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்த அளவை நம்பித் திருத்தியதால் கோணல் மிகுந்தது.

சரியான முறை இது. சமதரையில், காற்றழுத்தத்தைச் சரிசெய்து, ஸ்டியரிங்கை நேராக வையுங்கள். இரு டயர்களின் முன்புறத்திலும் ஒரே உயரத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே குறிகள் பின்புறத்தில் அதே உயரத்திற்கு வரும்வரை வண்டியை முன்னோக்கி மட்டும் தள்ளி, மீண்டும் அளவுங்கள். இரண்டு அளவுகளின் வேறுபாடே விடை.

என் வண்டியில் அது உரிய அளவைவிட 6 மில்லிமீட்டர் மிகுந்திருந்தது. அற்பமென்று எண்ணாதீர்கள். ஒரு சக்கரத்தின் பங்கு 3 மில்லிமீட்டர். டயரின் விட்டம் 600 மில்லிமீட்டர் எனக் கொண்டால், கோணல் இருநூற்றில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டருக்கு 5 மீட்டர். குற்றாலம் வரையிலான ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு 25 மீட்டர் தூரம் டயர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது!

ஸ்டியரிங் மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் இவ்வளவு பொருளற்றது. முதலில் அதை நீக்க வேண்டும். சக்கரத்தின் சாய்வையும் இம்முறை காட்டாது. ஆகவே அளவை மட்டும் எழுதிக்கொண்டு, டை ராடைத் திருகும் பணியைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். நானும் அவ்வாறே செய்தேன். தேய்ந்த டயருடன் நனைந்த புளியரை வளைவுகளில் செல்வதைவிட, முற்றத்தில் அரைமணி நேரம் குனிந்து அளப்பது நன்றன்றோ?