காய்கறித் தோட்டத்து நோயாளிகள்

காய்க்காத அத்திமரத்தைப் பற்றி இயேசு பெருமான் சொன்ன உவமையை நாம் மறைக்கல்வி வகுப்பிலும் நன்னெறி வகுப்பிலும் கேட்டிருக்கிறோம். மூன்று ஆண்டுகளாகக் கனி தராத மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எருப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்கிறார். வெட்டுமுன் மரத்தின் குறை என்ன என்று எண்ணிப் பார்த்த அந்தத் தோட்டக்காரரின் பொறுமை நமக்கும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கீரனூர்ப் பக்கம் கிணற்றடியில் நாலு கத்தரி, நாலு வெண்டை, பந்தலில் ஒரு புடலை, வேலியோரம் ஒரு முருங்கை இல்லாத வீடு குறைவு. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் வட்டாரத்தில் வாழும் நமக்குத் தோட்டம் புதிதன்று. ஆனால் செடி ஒன்று வாடினால் நாம் செய்வது என்ன? கடைக்குப் போய், "செடி வாடுது, ஏதாவது மருந்து கொடுங்க" என்கிறோம். நாடி பார்க்காமல் எந்த வைத்தியரும் மருந்து கொடுப்பதில்லை. செடிக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

செடிக்கு வாய் இல்லை. ஆயினும் இலை, தண்டு, வேர், காய் ஆகிய நான்கின் வழியாகவும் தன் குறையைச் சொல்லிவிடுகிறது. அதைப் படித்தறிவது எப்படி என்று பார்ப்போம்.

இலை சொல்வது

இலை மஞ்சளானால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "முதிர்ந்த இலையா, இளம் இலையா?" என்பதே. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளுத்தால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. செடி, பழைய இலையிலுள்ள சத்தை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடுகிறது. மக்கிய சாண எருவும், ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் இதற்கு மருந்து. மாறாக, நரம்புகள் பச்சையாக இருக்கக் கொழுந்து இலை மட்டும் வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது வரும். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்துச் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து இலையில் தெளிக்கலாம்.

வெண்டையில் இதற்கு நேர்மாறாக நரம்புகளே மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். இதற்குக் காரணம் வைரஸ். அதைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது இலையின் அடியில் வாழும் வெள்ளை ஈ. நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்தே இல்லை. அதைப் பிடுங்கி அழித்து மற்றவற்றைக் காப்பதே வழி. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிப் பாத்தியில் நட்டால் வெள்ளை ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'அர்க்கா அனாமிகா' போன்ற நோய் தாங்கும் இரகங்களை விதைப்பது இன்னும் நல்லது.

அவரைக் கொழுந்தில் எறும்புகள் ஏறி இறங்கினால் எறும்பைக் குறை சொல்லாதீர்கள். அங்கே அசுவினி இருக்கிறது. அது கழிக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வருகிறது. அதே கொழுந்தில் சிவப்பு நிறப் பொறிவண்டு இருந்தால் மருந்து தெளிக்கவே வேண்டாம். அசுவினியைத் தின்பதுதான் அதன் தொழில்.

தண்டும் வேரும் சொல்வது

கத்தரியில் நுனிக் குருத்து மட்டும் தலை சாய்ந்தால் உள்ளே தண்டு துளைப்பான் புழு இருக்கிறது என்று பொருள். வாடிய நுனியைப் புழுவோடு கிள்ளி அழித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த தலைமுறைப் புழு காயைத் துளைக்கும்.

முழுச் செடியும் பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடினால் ஒரு சோதனை செய்யலாம். தண்டை அடியில் அறுத்து, கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் நுனி படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். செடியை வேரோடு அகற்றிவிட்டு, அந்த இடத்தில் சில பருவங்களுக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் நடக் கூடாது. இவை மூன்றும் ஒரே குடும்பம். சோளமோ மக்காச்சோளமோ போடலாம்.

வேரைப் பிடுங்கிப் பார்க்கும்போது முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது நூற்புழுவின் வேலை. செண்டுமல்லியை நட்டால் நூற்புழு குறையும்; வீட்டுக்குப் பூவும் கிடைக்கும். ஆனால் அவரை, தட்டைப்பயறு வேர்களிலுள்ள முடிச்சுகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். எளிதில் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் அவை, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்த்துத் தரும் நன்மை செய்யும் முடிச்சுகள்.

காய் சொல்வது

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புப் பாத்தியில் தக்காளிக் காய்களின் அடிப்புறம் வட்டமாகக் கறுத்துப்போயிற்று. மருந்தடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். தோட்டக்காரத் தாத்தா காயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாப்பா, சனி ஞாயிறு யார் தண்ணி ஊத்தினது?" என்று கேட்டார். ஒருவரும் ஊற்றவில்லை. அந்தக் குற்றத்தை மறைக்கத் திங்கட்கிழமை வாளி வாளியாக ஊற்றியிருந்தோம்! காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை சென்று சேர்வதில்லை. பூச்சியுமில்லை, கிருமியுமில்லை, நோய் எங்கள் சோம்பல்தான். பிறகு முறைவைத்து அளவாக நீர் ஊற்றினோம். வேரடியில் சருகு பரப்பினோம். அடுத்து வந்த காய்கள் நன்றாக இருந்தன.

புடலை, பாகற்பிஞ்சுகள் ஊசி குத்தியதுபோல் புள்ளி விழுந்து அழுகினால் அது பழ ஈ. விழுந்த பிஞ்சுகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். நல்ல பிஞ்சுகளைக் காகிதத்தால் சுற்றிக் காக்கலாம்.

நாடே கற்ற பாடம்

2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரிச் செடிகள் தமிழகமெங்கும் வெள்ளை மாவு பூசியதுபோல் நின்றன. உழவர்கள் மருந்தடித்துச் சலித்தனர். மெழுகுப் போர்வைக்குள் இருந்த பூச்சியோ மீண்டும் மீண்டும் வந்தது. இது வெளிநாட்டுப் பூச்சி, இதன் இயற்கை எதிரி இங்கே இல்லை என்பதே நோயின் மூலம் என்று அறிஞர்கள் கண்டனர். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து, பெருக்கி, வயல்களில் விட்டனர். மருந்தால் அடங்காத பூச்சி குளவியால் அடங்கியது. காரணத்தை அறிந்தால் மருந்து கடுகளவு போதும்!

மருந்து வேண்டுமானால்

வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிழியுங்கள். வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள். அசுவினி, வெள்ளை ஈ, இலை தின்னும் சிறு புழுக்கள் ஆகியவற்றுக்கு இதுவே போதும்.

கொடிய நஞ்சுகள் வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்தக் கூடாதென்று மத்திய அரசு 2005இலேயே தடை செய்தது. 2013 ஜூலையில் பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்தில், பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். அவர்கள் உணவைச் சமைத்த எண்ணெயில் அதே நஞ்சு கலந்திருந்தது. நம் தம்பி தங்கையரை ஒத்த பிள்ளைகள் அவர்கள். ஆகவே மருந்துப் புட்டியைச் சமையலறைப் பக்கம் கொண்டுவராதீர்கள். காலியான டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்காதீர்கள். அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் இதை எடுத்துச் சொல்வது படிக்கும் பெண்களாகிய நம் கடமையாகும்.

தோழியரே! நாளைக் காலை பள்ளிக்குப் புறப்படுமுன் ஐந்து நிமிடம் உங்கள் கொல்லைப்புறத்துக்குச் செல்லுங்கள். ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். கண்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெட்டவும் நஞ்சடிக்கவும் ஒரு நிமிடம் போதும். உற்றுப் பார்க்கத்தான் அன்பு வேண்டும். அத்திமரத்துக்காகப் பரிந்து பேசிய தோட்டக்காரரிடம் இருந்தது அந்த அன்பே.