அடுக்களை அலமாரியும் ஒரு சேமிப்புப் பெட்டியே

பால்மரம் வெட்டுவோரின் வருமானம் வானத்தையும் மரத்தையும் பொறுத்தது என்பதைத் தோட்ட மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியலில் மழை பிடித்துக்கொண்டால் அன்று வெட்டு இல்லை. வெட்டிய பின்னர் மழை கொட்டினால் மங்கிலுள்ள பால் நீரோடு போய்விடும். ஆண்டின் தொடக்க மாதங்களில் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்விடும்போது பாலும் சுருங்கிவிடுகிறது. ஆனால், வருமானம் குறைந்துவிட்டது என்பதற்காகக் குழந்தைகளின் பசி குறைந்துவிடுவதில்லை. அந்த நாட்களில் குடும்பத்திற்குச் சத்துள்ள உணவை எவ்வாறு அளிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கடன் எங்கே தொடங்குகிறது?

வேலை குறைந்த வாரத்தில் வீட்டில் அரிசி தீர்ந்துவிடுகிறது. கையில் பணமில்லை. கடையில் கணக்கு எழுதிப் பொருள் வாங்குகிறோம். அடுத்த சம்பளத்தில் ஒரு பங்கு அந்தக் கணக்கை அடைக்கவே போய்விடுகிறது. எஞ்சியது மாதம் முழுவதற்கும் போதாமல் மீண்டும் கணக்கு எழுத வேண்டியுள்ளது. மழை நின்ற பிறகும் கடன் நிற்பதில்லை.

நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது ஓர் அம்மையார் தம் வீட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். மூன்று தகர டப்பாக்களும் ஒரு மூடிபோட்ட வாளியும் அதில் இருந்தன. “ஐயா, சம்பளம் வாங்கிய அன்று வழக்கமான சாமான்களோடு ஏதேனும் ஒன்றை மட்டும் கூடுதலாக வாங்கி இதிலே வைத்துவிடுவேன். ஒரு மாதம் பருப்பு, ஒரு மாதம் நெத்திலி. மழைக்காலத்தில்தான் இதைத் தொடுவேன்” என்றார். சென்ற மழைக்காலத்தில் அவர் கடையில் கணக்கு வைக்கவில்லையாம். மழைநாளின் சோறு சம்பள நாளிலேயே முடிவாகிவிடுகிறது என்பதை அந்த அம்மையார் நமக்கு உணர்த்தினார்.

பிடியரிசி எடுத்து வைக்கும் பழக்கம் நம் முன்னோரிடையே இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். ஒரு பிடி 40 கிராம் என்று கொண்டால், நாளுக்கு இரு வேளையாக 30 நாட்களில் 2 கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். மிஞ்சிய சோறு வீணாகும் வீடுகளில் இவ்வாறு எடுப்பதால் எவருடைய வயிறும் குறையாது.

அரிசியோடு பருப்பு

பணம் குறையும்போது நம்மில் பலர் முதலில் நிறுத்துவது பருப்பையும் மீனையும்தான். சோறும் ரசமும் மட்டும் மிஞ்சுகின்றன. வயிறு நிறைகிறது, ஆனால் வளரும் பிள்ளைகளின் உடல் தேறுவதில்லை. 100 கிராம் அரிசியில் உள்ள புரதம் ஏறத்தாழ 7 கிராம். அதே அளவு பருப்பில் 22 கிராம் அளவுக்கு உள்ளது. மேலும், அரிசியின் புரதத்தில் குறைவாக உள்ள சத்தைப் பருப்பு நிறைவு செய்கிறது. பருப்பில் குறைவானதை அரிசி நிறைவு செய்கிறது. எனவே, மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்போ பயறோ என்று கணக்கு வைத்துக்கொள்வது நலம்.

எந்த அரிசியை வாங்குவது என்பதும் கவனிக்கத்தக்கது. 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் அமைக்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டேண்டன் என்னும் இரு மருத்துவர்கள், 1907ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலானில் சாவகத் தொழிலாளர்களிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினர். தீட்டிய வெள்ளை அரிசியை உண்டவர்களுக்குப் பெரிபெரி நோய் கண்டது. புழுங்கல் அரிசியை உண்டவர்கள் அந்நோயிலிருந்து தப்பினர். புழுங்கல் அரிசியை உண்டுவந்த நம் தமிழ்த் தொழிலாளர்களை அந்நோய் அவ்வளவாக அண்டாததும் அக்காலத்தில் கவனிக்கப்பட்டது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதே இதற்குக் காரணம். எந்த அரிசியானாலும் பலமுறை தேய்த்துக் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். இருமுறை கழுவினால் போதும்.

அலமாரியில் இருக்க வேண்டியவை

துவரம்பருப்பு அல்லது மைசூர்ப் பருப்பு, பச்சைப் பயறு, கொண்டைக்கடலை, நெத்திலிக் கருவாடு, இரண்டு மூன்று சார்டின் டின்கள், கோதுமை மாவு, எண்ணெய், புளி, உப்பு, மிளகாய், வெங்காயம் ஆகியவை இருந்தால் பத்து நாட்களைக் கவலையின்றிக் கழிக்கலாம். நெத்திலியை முள்ளோடு உண்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது. சார்டின் முள்ளும் மென்மையானதே. அதை எறிந்துவிட வேண்டாம். நெத்திலியில் உப்பு மிகுதியாதலால் நன்கு அலசிச் சமைக்க வேண்டும்.

பொருள்களை ஈரம்படாத, இறுக மூடும் டப்பாக்களில் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். புதிதாக வாங்கியதைப் பின்னே வைத்துப் பழையதை முதலில் எடுக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த பயறு, வேர்க்கடலை ஆகியவற்றைக் கழுவிக்கூட உண்ணலாகாது. உப்பிய டின்னைத் திறவாமல் எறிந்துவிடுங்கள். டின்னில் மிஞ்சியதை வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிடுங்கள்.

சமையல் சில

பயற்றுக் கஞ்சி: ஐவர் கொண்ட குடும்பத்திற்கு அரிசி 300 கிராம், பச்சைப் பயறு 100 கிராம் போதும். பயற்றை முன்னிரவே ஊறவைத்தால் விரைவில் வெந்து எரிபொருளும் மிச்சமாகும். இரண்டையும் குழைய வேகவைத்துத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துத் துவையலோடு பரிமாறலாம்.

முளைப்பயறு: ஊறிய பயற்றை ஈரத் துணியில் கட்டி ஒருநாள் தொங்கவிட்டால் முளைத்துவிடும். காய்கறி கிடைக்காத நாளில் அதை இலேசாக வதக்கிச் சுண்டலாக்கலாம். முளைக்கும்போது அதில் வைட்டமின் ‘சி’ உண்டாகிறது.

மரவள்ளியும் நெத்திலியும்: ஜப்பானியர் ஆட்சியின்போது அரிசிக்குப் பதிலாக மரவள்ளிக் கிழங்கையே உண்டு வாழ்ந்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கிழங்கு பசியை ஆற்றும். ஆனால் அதில் புரதம் மிகமிகக் குறைவு. ஆகவே நெத்திலிச் சம்பலோ பருப்போ இன்றி அதை மட்டும் உணவாக்கக்கூடாது. தோலை முற்றும் உரித்து, துண்டுகளாக்கி, நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கைத் தவிர்க்க வேண்டும்.

இவற்றோடு வீட்டின் பின்புறம் ஒரு முருங்கையும் ஒரு பசளிக் கொடியும் இருந்தால் அலமாரியின் குறை தீரும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க ஓர் எலுமிச்சைத் துண்டு உதவும். உணவோடு தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது.

குழந்தைகளின் பங்கு

அலமாரியிலுள்ள இனிப்புப் பால் டின் கைக்குழந்தைக்கு உரியதன்று. அதில் பெரும்பகுதி சர்க்கரையே. 1939ஆம் ஆண்டிலேயே மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் சிங்கப்பூரில் நிகழ்த்திய உரையில், அதைக் குழந்தைகளுக்குப் புகட்டுவதை வன்மையாகக் கண்டித்தார். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதும். அதன்பின் தாய்ப்பாலோடு குழைந்த பருப்புச் சோறும் மசித்த கீரையும் கொடுக்கலாம். இருக்கும் பருப்பும் மீனும் எவ்வளவாயினும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் அதில் குறையாத பங்கு கிடைக்க வேண்டும். எல்லோருக்கும் படைத்துவிட்டுத் தாய் வெறும் சோற்றை உண்ணும் வழக்கம் நம் வீடுகளிலிருந்து நீங்க வேண்டும்.

ஒரே நாளில் அலமாரியை நிரப்ப எவராலும் இயலாது. வருகின்ற சம்பள நாளில் ஒரு கிலோ பருப்பைக் கூடுதலாக வாங்கி மூடி வையுங்கள். அடுத்த மாதம் மற்றொன்று. மழை பெய்யும் விடியற்காலையில் வேலை இல்லை என்று வீட்டுக்குத் திரும்பும்போது, அடுப்பில் என்ன வைப்பது என்ற கவலையேனும் உங்களுடன் திரும்பாது.