குதிரைவாலி: வயற்புல் கடைச் சரக்கான கதை

உப்புக்கும் முத்துக்கும் பெயர் பெற்ற நமது தூத்துக்குடியில், மளிகைக் கடை என்றால் நெல்லரிசி, பருப்பு, எண்ணெய், வற்றல் என்றிருந்த காலம் உண்டு. இன்று வாடிக்கையாளர் படியேறி வந்து, "குதிரைவாலி அரிசி இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்கிறார். அத்தோடு நிற்பதில்லை, "எந்த ஊர்ச் சரக்கு, எப்போ தீட்டினது?" என்றும் கேட்கிறார். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த வணிகரிடமே அவர் மறுபடியும் வருவார். எனவே இந்தச் சரக்கைப் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

புல்லும் பயிரும்

நெல் வயலில் களையாக முளைக்கும் ஒரு காட்டுப் புல்லை, நல்ல மணியாகப் பொறுக்கிப் பொறுக்கி விதைத்து நம் முன்னோர் உண்டாக்கிய பயிரே குதிரைவாலி. கதிர் குதிரையின் வால் போலத் தோன்றுவதால் இப்பெயர். இப்படிப் புல்லைப் பழக்கியவர்கள் நாம் மட்டுமல்ல. எத்தியோப்பியாவில் காட்டுப் புல்லிலிருந்து வந்த 'டெஃப்' என்ற பொடித் தானியத்தின் மாவைப் புளிக்க வைத்து, தோசை போல் சுட்டு அன்றாடம் உண்கிறார்கள்.

நமது மாவட்டத்தில் கோவில்பட்டி, விளாத்திகுளம், புதூர் வட்டாரக் கரிசல் காடுகள் குதிரைவாலிக்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழையை நம்பி புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் தை மாதத்தில் அறுவடை. ஏக்கருக்கு நான்கைந்து கிலோ விதை போதும். தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். சில நாள் தேங்கினாலும் தாங்கும். தட்டை மாட்டுக்கு நல்ல தீவனம். மதுரை வேளாண் கல்லூரி 2018-ல் வெளியிட்ட எம்.டி.யூ. 1 ரகம் ஏறக்குறைய 95 முதல் 100 நாட்களில் விளையும். மானாவாரி ஆராய்ச்சிக்கென 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் கரிசல் காட்டில் பெரும் பரப்பை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. காரணம் எளிது. மக்காச்சோளத்தை அறுத்ததும் அப்படியே விற்றுப் பணமாக்கலாம். குதிரைவாலியை உமி நீக்கினால்தான் விலை. அந்த ஆலை அருகில் இல்லாததால், தென்னாட்டுச் சிறுதானியம் நெடுங்காலமாக நாசிக் வரை லாரியேறிப் போய், அரிசியாகி நமக்கே திரும்பி வந்தது. போக வர வாடகை, இடையில் தரகு எல்லாம் விலையில் ஏறின. விவசாயிக்குக் கிடைத்ததோ சொற்பம்.

சரக்கு பார்க்கும் முறை

உமியுள்ள மணி ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். தீட்டிய அரிசி அப்படியல்ல. தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால், தவிடு நீங்காத அரிசியில் சில மாதங்களிலேயே காறல் வாடை வரும். நமது ஊரோ கடற்காற்றின் ஈரம் நிறைந்தது. ஆகவே தீட்டிய தேதி கேட்டு, ஒரு மாதத்தில் விற்கும் அளவுக்கே வாங்குவது நல்லது. மூட்டையைத் தரையில் போடாமல், சுவரில் ஒட்டாமல், பலகை மேல் அடுக்க வேண்டும்.

வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். உள்ளங்கையில் தேய்த்தால் மாவாக ஒட்டினால் அது பூச்சி விழுந்த சரக்கு. வெள்ளைத் தாளில் பரப்பினால் கல், உமி நீங்காத மணி, விலை மலிந்த வேறு சிறுதானியக் கலப்பு எல்லாம் தெரிந்துவிடும்.

இது வெறும் நயம் பார்க்கும் விஷயமல்ல, சட்டமும் ஆகும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், குதிரைவாலி, டெஃப் உள்ளிட்ட 15 சிறுதானியங்களுக்கு வகுத்த பொதுத் தரம் 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஈரப்பதம், வேறு தானியக் கலப்பு, பூச்சி அரித்த மணி, முதிராத மணி ஆகியவற்றுக்கு அதில் வரம்பு உண்டு. அதேபோல், லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான தானியப் பாக்கெட்டுகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. குதிரைவாலியில் நார்ச்சத்து மிகுதி என்று சொல்லலாம், அது உண்மை. "சர்க்கரை நோய் தீரும்" என்று கடையில் போர்டு எழுதி வைக்க வேண்டாம். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தரவில்லை.

நாம் செய்யக் கூடியது

வடநாட்டில் ஏகாதசிக்கும் நவராத்திரி விரதத்துக்கும் இதைத்தான் சமைக்கிறார்கள். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் நம் பக்கமும் பொங்கல், இட்லி, தோசை எனப் புழக்கம் பெருகியது. கேட்பவர் இருக்கிறார், விளையும் நிலம் ஐம்பது அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து தை அறுவடையில் உமியோடு வாங்கி வைத்து, தேவைக்கேற்ப மாதாமாதம் உள்ளூரில் தீட்டிக்கொண்டால் வாடகை மிச்சம், சரக்கும் புதிது. விவசாயிக்கும் அடுத்த புரட்டாசியில் விதைக்கத் தெம்பு வரும். அவர் விதைப்பதை விட்டுவிட்டால், நமது மண்ணில் விளையும் பொருளுக்கு நாம் வெளியூர் மொத்த வியாபாரியின் விலைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வாங்குவதில்தான் லாபம் என்பது நம் தொழிலின் பழமொழி. வரும் தை மாதக் கொள்முதலுக்கு உறுப்பினர்கள் இப்போதே கலந்து பேசித் திட்டமிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.