நரம்புச் சிதைவு நோய்களில் மணமறிதல் சோதனை

மணமறிதல் சோதனை என்பது ஒருவரின் முகரும் திறன் எவ்வளவு குறைந்துள்ளது என்பதை அளந்து அறியும் முறையாகும். பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நரம்புச் சிதைவு நோய்களில் இதற்குத் தனி இடம் உண்டு. காது மந்தமானால் வீட்டார் உடனே கண்டுகொள்வர். மூக்கு மந்தமாவது பெரும்பாலும் உரியவருக்கே தெரிவதில்லை. "எனக்கு வாசனை நன்றாகத் தெரிகிறதே" என்பவர் சோதனையில் மிகக் குறைந்த மதிப்பெண் பெறுவதுண்டு. ஆகவே வாயால் கேட்டால் போதாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

மூக்கின் மேற்பகுதியில் உள்ள நரம்பணுக்கள், மூளையின் அடிப்பக்கத்திலுள்ள முகர்ச்சிக் குமிழுக்குச் செய்தி அனுப்புகின்றன. பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதம் நரம்பணுக்களுக்குள் கட்டியாகப் படிகிறது. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஹைக்கோ பிராக் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படிவு முதலில் தோன்றும் இடங்களில் முகர்ச்சிக் குமிழும் ஒன்று. உடல் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் பகுதி பின்னரே தாக்கப்படுகிறது. கைநடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மணம் குறைவது இதனால்தான். பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு இக்குறை காணப்படுகிறது. நடுக்கம் மட்டுமே உள்ள வேறொரு வகைக் கோளாறில் முகரும் திறன் பொதுவாகக் கெடுவதில்லை. எனவே இரண்டையும் பிரித்தறியவும் இச்சோதனை உதவுகிறது.

பரவலாக அறியப்பட்ட சோதனை, 1984-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டி குழுவினர் உருவாக்கியது. சிறு புத்தகம் போன்றது. ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள பட்டையைப் பென்சிலால் சுரண்டினால் ஒரு மணம் எழும். அது எது என நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தம் 40 மணங்கள். கண்ணை மூடிக் குறித்தாலும் 10 அளவில் சரியாகிவிடும் என்பதை மதிப்பெண் பார்க்கும்போது மறக்கக் கூடாது! ஜெர்மனியில் உருவான மற்றொரு சோதனையில் மணம் நிரப்பிய பேனாக்கள் பயன்படுகின்றன. மணத்தின் பெயரைச் சொல்வதோடு, எவ்வளவு மெல்லிய மணம் தெரிகிறது, இரு மணங்களை வேறுபடுத்த முடிகிறதா என்பனவும் அதில் அளக்கப்படும். அல்சைமர் நோயாளிகளுக்கு இவ்வேறுபாடு முக்கியம். மணம் தெரிந்தும் பெயர் நினைவுக்கு வராமல் போகலாம் அல்லவா?

பென்சில்வேனியா சோதனையில் பூசணி இனிப்பு, ரூட் பீர் போன்ற அமெரிக்க மணங்களும் உண்டு. அவற்றை முகர்ந்தே அறியாத நம்மவர் தோற்றால் அது மூக்கின் குற்றமன்று. அந்தந்த நாட்டு மக்களுக்குப் பழகிய மணங்களைக் கொண்டு சோதனையை மாற்றியமைப்பது இதனால்தான்.

குறைந்த மதிப்பெண் மட்டும் நோய்க்குச் சான்றாகாது. சளி, சைனஸ், கோவிட், தலைக்காயம், புகைபிடித்தல், முதுமை என எதுவும் மணத்தைக் குறைக்கலாம். நிலக்கடலை வெண்ணெயை மூக்கருகே பிடித்து அல்சைமரைக் கண்டறியலாம் என்ற செய்தி 2013-இல் பரவியது. அடுத்த ஆண்டே வேறொரு குழு செய்த ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. இத்தகைய வீட்டுச் சோதனைகளை நம்பி அஞ்ச வேண்டாம்.

பார்க்கின்சனுக்குத் தரப்படும் லெவோடோபா மருந்து நடையைச் சீராக்கினாலும் மணத்தை மீட்பதில்லை. அப்படியானால் சோதித்து என்ன பயன் எனலாம். சமையல் எரிவாயுவில் கசிவை உணர்த்தவே நாற்றப்பொருள் கலக்கிறார்கள். மணம் தெரியாதவருக்கு அந்த எச்சரிக்கை கிட்டாது. குறை உறுதியானவர் வீட்டில் கசிவு உணர்த்தும் கருவி பொருத்துவதும், பழைய குழம்பு கெட்டுவிட்டதா என வேறொருவர் முகர்ந்து பார்ப்பதும், உணவில் உப்பு கூடிவிடாமல் கவனிப்பதும் தேவை.