விழி தளர்ந்தும் நாதம் தளராத வயலின் மேதை துவாரம்

திருவிழாக் காலங்களில் ஆலய மண்டபத்தில் நாதசுவரமும் தவிலும் முழங்க, பண்ணிசையும் கீர்த்தனையும் ஒலிக்கக் கேட்டு மெய்யுருகும் அன்பர் பலர். அவ்வேளையில் அவர்தம் கண்கள் தாமே மூடிக்கொள்கின்றன. இசை செவிவழியே உள்ளத்தைச் சேரும் கலை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? இவ்வுண்மையைத் தம் வாழ்வாலேயே மெய்ப்பித்தவர் துவாரம் வெங்கடசாமி நாயுடு.

1893ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், தீபாவளித் திருநாளில் பெங்களூரில் தோன்றிய அவர், விசாகப்பட்டினத்தில் வளர்ந்தார். இளமையிலேயே பார்வை குன்றியது. அதனால் பள்ளிப் படிப்பு நிலைக்கவில்லை. ஏடு கைவிட்ட பிள்ளையை இசை கைவிடவில்லை. தமையனார் வெங்கடகிருஷ்ணய்யாவே முதற்குருவாக அமர்ந்து வயலின் கற்பித்தார்.

மாணவராக வந்து ஆசிரியரானவர்

1919ஆம் ஆண்டில் விஜயநகரத்தில் மகாராஜா இசைக் கல்லூரி தோன்றியது. அதன் முதல்வர், ஹரிகதை மேதை ஆதிபட்ல நாராயண தாசர். மாணவராகச் சேர வந்த துவாரத்தின் வாசிப்பைக் கேட்ட தாசர், அவரை ஆசிரியராகவே அமர்த்தினார் என்பர். அப்போது அவருக்கு வயது 26. 1936ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் முதல்வர் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. பார்வைக் குறையைப் பாராது திறமையைச் செவியால் அளந்த பெரியவர் ஒருவரால், பல தலைமுறை மாணவர்க்கு நல்லாசான் வாய்த்தார்.

செவியே விளக்கு

வீணையில் சுரத்தானங்களைக் காட்ட 24 மெட்டுகள் உண்டு. வயலினில் ஒன்றேனும் இல்லை. விரல் நிற்க வேண்டிய இடத்தைச் செவியே சொல்லவேண்டும். மயிரிழை பிசகினாலும் சுருதி கலையும். கண்ணுள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் இவ்விதி ஒன்றே. குரு பாடுவதைக் கேட்டுத் திருப்பிப் பாடியே பாடம் கொள்ளும் நம் மரபும் செவிச்செல்வத்தையே நம்பி நிற்பது.

கும்பகோணத்தில் வாழ்ந்த சரப சாஸ்திரியாரும் (1872–1904) பார்வையற்றவரே. புல்லாங்குழலுக்குக் கச்சேரி மேடையில் தனியிடம் தேடித் தந்ததோடு, பல்லடம் சஞ்சீவ ராவ் போன்ற சீடரையும் உருவாக்கினார்.

ஆயினும் குறையே வரம் என்று கூறிவிடுதல் முறையன்று. வெளியூர்ப் பயணத்திற்கும் மேடையேறுவதற்கும் பிறர் கைத்துணை வேண்டும். பாடத்தை ஏட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்னும் வசதியும் இல்லை. கேட்டதனைத்தையும் நெஞ்சில் பதித்தாக வேண்டும். அதற்குப் பொறுமையுள்ள குருவும் இடையறாத சாதகமும் தேவை. இசையைத் தவமாகக் கொண்ட துவாரம் இச்சாதகத்தில் தளரவில்லை. பெரும்பாலும் பக்க வாத்தியமாகவே இருந்த வயலினில் தனிக் கச்சேரிகள் நிகழ்த்திப் புகழ்கொண்டார். 1941ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி விருதும், 1957ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் அவரை வந்தடைந்தன. 1964ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர்தம் புதல்வி துவாரம் மங்கத்தாயாரும் வயலின் கலைஞராகத் திகழ்ந்தார்.

அன்பர் கடமை

நம் ஆலயங்களில் தேவார வகுப்புகளும் இசை வகுப்புகளும் நடைபெறுகின்றன. உடற்குறையுள்ள பிள்ளையை வீட்டிலேயே இருத்திவிடும் பெற்றோர், ஒருமுறை அவ்வகுப்பின் வாயிலுக்கு அழைத்து வருதல் வேண்டும். அப்பிள்ளைக்கு வேண்டுவது இரக்கமன்று. ஓர் ஆசானும், அமர்ந்து பாட ஓரிடமும், பொறுமையோடு கேட்கும் செவிகளுமே. ஆலயப் புரவலர்கள் இவற்றை வழங்குவாராயின், அதுவும் இறைவனுக்குச் செய்யும் திருத்தொண்டே ஆகும்.